கொலம்பியாவுக்கு நாங்கள் அனுப்பிவைத்த மகள்

என் செல்லப் பிள்ளை வாசுகிக்கு,

உன் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, வருகிறது. அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலரில் ஐயாவின் பக்கம் ஒன்று வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் கடிதம் என்றால் உன் அம்மாதான். நான் சொல்ல அவள் எழுதுவாள், நான் சொல்லாததையும் நாலு வரி சேர்த்து எழுதுவாள். இதை எழுதித் தா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கீழ்மாடி நடராசா அண்ணை எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறார். ஆனாலும் பேசுகிறது நான்தான், பிள்ளை.

"உன்ர மகள் என்ன வேலை செய்யிறாள்?" என்று கோயிலில் யாராவது கேட்டால் நான் முழிப்பேன். ஸ்பானிஷ் பேசும் சனத்தின் நோய் வருத்தங்களைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லி முடிப்பதற்குள், "ஏன், எங்கட சனத்துக்கு வருத்தம் இல்லையோ?" என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த கட்டடத்தில் இடமும் வலமும் அந்தச் சனம்தான். நானும் அம்மாவும் வேலைக்குப் போக, நீ அவர்களின் வீடுகளில் சாப்பிட்டு, அவர்களின் பிள்ளைகளோடு சண்டை பிடித்து, அவர்களின் பாஷையில் கோபித்துக்கொண்டு திரும்பி வருவாய். அதையே பிறகு படித்து உத்தியோகமும் ஆக்கிக்கொண்டாய்.

ஒருநாள் எனக்கு விளங்கும்படி சொன்னாய். "ஐயா, டொக்டர் இங்கிலீசில சொல்லுவார். பிள்ளை அதைத் தாய்க்கு ஸ்பானிஷில சொல்லும். இடையில எது விடுபட்டுப் போகுது எண்டுதான் நான் பாக்கிறன்." அதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று அப்போது நினைத்தேன்.

எல் சல்வடோர் நாட்டு அம்மா ஒருவரைப் பற்றி நீ வீட்டில் சொன்னது நினைவிருக்கிறதா? பேர் சொல்லவில்லை, பேர் சொல்லக் கூடாது என்றாய். அவரின் புருஷனுக்கு வயிற்றில் புற்றுநோய். அவருக்குச் சொல்லவேண்டாம் என்று பிள்ளைகள் டொக்டரைக் கெஞ்சிக் கேட்டு, வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நடந்தா. மனுசன் கடைசி மாதம் முழுக்க, "என்னை நல்ல டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டிறாய், நான் உனக்குப் பாரமாய்ப் போனன்" என்று பெண்சாதியை ஏசி ஏசியே கண்ணை மூடினாராம்.

அம்மா சோற்றைப் பிசைந்தபடி, "சொல்லி என்னத்தைக் கண்டது? இருக்கிற நாளிலயாவது மனுசன் நிம்மதியாய் இருக்கட்டுமே" என்றாள்.

"எங்கையம்மா நிம்மதியாய் இருந்தவர்? பெண்சாதியை ஏசிக்கொண்டெல்லோ இருந்தவர்."

"எங்கட சனமும் அப்பிடித்தானே பிள்ளை. சொல்லமாட்டினம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அவையும் எங்களை மாதிரித்தான். அன்பு கூடிப்போய் மறைக்கினம்."

"அன்பு கூடினால் உனக்கு அதுவும் ஆராய்ச்சியோ? முதல்ல ஒரு கலியாணத்தைக் கட்டு, பிறகு அன்பை ஆராயலாம்."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். எல்லாரிலும் நீதான் கூடச் சிரித்தாய்.

அம்மாவின் நெஞ்சு ஒப்பரேசனுக்கு முதல் நாள் நீ அவளின் கட்டில் ஓரத்தில் இருந்தபடி டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாய். "எழும்பாமல் போகவும் கூடுமாம் அம்மா. செய்யிறதோ விடுறதோ, நீங்கள்தான் சொல்லோணும்." தம்பி ரமணன் உன்னை எரிக்கிற மாதிரிப் பார்த்தான். அம்மா, "செய்யட்டும்" என்றாள். நீ வெளியே போன பிறகு என்னிடம், "என்ர பிள்ளை எனக்கு ஒண்டும் ஒளிக்காது" என்றாள். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது.

ஒப்பரேசன் முடிந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் நீ தலையிடி என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனாய். யாரோ ஒரு வீட்டில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தாய். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். தாய் ஒரு ஆஸ்பத்திரியில், மகள் இன்னொரு ஆஸ்பத்திரியில். பிறகு நீ அங்கேயும் இல்லை.

உன்னை எரித்துவிட்டு, ரமணன் வீட்டில் தலைமுழுகிவிட்டு, நேரே அம்மாவிடம் போனோம். போகாவிட்டால் தேடுவாள்.

"தலை ஈரமாக் கிடக்கு. இந்தக் குளிருக்கை ஏன் தோய்ஞ்சனீங்கள்?" என்றாள்.

"சும்மா" என்றேன்.

"வாசுகி எங்கை?"

எனக்குப் பின்னால் நின்ற ரமணன், "கொலம்பியாவுக்குப் போயிட்டாள் அம்மா. அவசர ஆராய்ச்சி வேலையாம்" என்றான். அது அவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் தலையாட்டினேன். சொல்லவேண்டாம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. டொக்டரை நாங்கள் கேட்கவே இல்லை.

அம்மா வீட்டுக்கு வருவதற்கு முதல் ரமணன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தலை அவள் ஒருநாளும் தவறவிடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். ரேடியோ பழுது என்று சொன்னோம். தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவில் இலவசமாகக் கிடக்கிற பத்திரிகைகளையும் எடுத்து வருவதில்லை, எல்லாவற்றிலும் உன் படம். பனி, வெளியே போகவில்லை என்று சொன்னேன். இந்தக் கட்டடத்தில் எத்தனை தமிழ் வீடு! ஒரு சனம் வாய் திறக்கவில்லை. நாங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பார்க்க வந்தவர்கள் தாங்களாகவே சத்தமாகச் சிரித்துப் பேசிவிட்டு, லிப்டுக்குப் போய் அழுதார்கள்.

ஆனால் அம்மா உன்னை ஏசத் தொடங்கினாள்.

"நெஞ்சைப் பிளந்து தைச்சுக்கொண்டு வந்து கிடக்கிறன். பெத்த தாய். ஒரு போன் எடுக்க நேரமில்லையாம். ஊர் உலகத்து மனுசியளின்ர வருத்தம் எல்லாம் கேக்கிறாள், என்ர வருத்தத்தைக் கேக்க ஆளில்லை."

"மலைப்பக்கமாம்" என்றேன்.

"இப்ப மலைக்கு மேலை இருந்தும் சனம் கதைக்குது. அவளுக்கு மனமில்லை. நான் கலியாணம் கலியாணம் எண்டு கரைச்சல் குடுத்தனான், அந்தக் கோவம்."

ஒவ்வொரு நாளும் அதே பேச்சுத்தான். நீ அழைத்தால் இனிப் பேசமாட்டேன், சொல்லிவிடுங்கள் என்று ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எரித்த பிள்ளையைத் தாய் திட்டுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஓம் ஓம் என்று ஒத்தும் ஊதினேன்.

போன கிழமை கீழே யாரோ மணி அடித்தார்கள். இறங்கிப் போனேன். கறுப்பு உடுப்போடு ஒரு வயதான வெள்ளைத்தலை அம்மா. கையில் துணியால் கட்டிய பெரிய பாத்திரம். "எல்வீரா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. நீ விழுந்தது அவவின் வீட்டுக் குசினியில்தானாம். எங்கள் இருவரின் ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனாலும் கையும் முகமும் சேர எல்லாம் விளங்கியது.

மேலே கையைக் காட்டி, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்றேன். பிடித்திருந்த கையை விட்டுவிட்டா. "நீங்களுமா?" என்று கேட்டா. தன் புருஷனுக்கும் அப்படித்தான் செய்தோம், அவர் தன்னை ஏசிக்கொண்டே போனார் என்றா. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ பேர் சொல்லாமல் சொன்ன அந்த அம்மா இவதான்.

சும்மா ஒரு சிநேகிதி மாதிரி மேலே வாருங்கள், சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டா. ஒரு முகத்தைப் பார்த்து அப்படிச் சிரித்தது போதும், இன்னொரு தரம் ஏலாது என்றா. "உங்கள் மகளின் தலை என் மடியில் இருந்தது. அதைத் தாயிடம் நான் சொல்ல வேண்டும். கூப்பிடுங்கள், வருவேன்." பாத்திரத்தை என் கையில் வைத்துவிட்டு, பனிக்குள்ளால் பஸ் தரிப்புக்கு நடந்துபோனா.

மேலே வந்தேன். "ஆர் வந்தது?" என்றாள் அம்மா. பாத்திரத்தை வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பரமேசு, பிள்ளை கொலம்பியாவுக்குப் போகேல்லை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கத்துவாள், நெஞ்சைப் பிடிப்பாள் என்று பயந்தபடியே சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையோ?"

"ஓம்."

"அண்டைக்குத்தான் தோய்ஞ்சனீங்கள்."

"ஓம்."

பிறகு மெல்லக் கேட்டாள்: "நான் ஏசினதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமோ?"

இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. எத்தனை நாள் பழகிய வாய்! "தெரியாது, பரமேசு" என்றேன்.

ரமணன் ஓடி வந்தான். "உங்களுக்கு விசரே ஐயா? அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தால்?" என்று கத்திவிட்டு, அம்மாவின் காலடியில் இருந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவனிலும் பிழை சொல்ல மாட்டேன். அவனுக்கும் பொத்திவைத்த அழுகைதானே.

அம்மா இப்போது சுவரைப் பார்த்தபடி கிடக்கிறாள். இரண்டு வாய் சாப்பிடுகிறாள், மிச்சத்தைத் தள்ளிவிடுகிறாள். எங்கள் இருவரோடும் பேச்சுக் குறைவு. நான் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியவில்லை. உண்மையைக் கேட்ட அந்தச் சனமெல்லாம் பிறகு எப்படி இருந்தார்கள், பிள்ளை? ஆறினார்களா? நீ வீடு வீடாகப் போய்க் கேட்டதை நான் ஒருநாளாவது உன்னைக் கேட்டு அறிந்திருக்கலாம்.

அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். "மடியில வைச்சிருந்தவவை வரச் சொல்லுங்கோ." சொல்லியனுப்பியிருக்கிறேன். வருவா. ஒருத்திக்கு ஸ்பானிஷ், ஒருத்திக்குத் தமிழ். நடுவில் இருந்து சொல்ல நீ இல்லை. இரண்டு பேரும் என்ன செய்வார்களோ?

அம்மா ஏசியது உனக்குக் கேட்டிருந்தால், அதை எடுத்துக்கொள்ளாதே மகளே. அது உனக்குச் சொன்னது இல்லை. தாயை மறந்துவிட்டுக் கொலம்பியா மலையில் இருக்கிறாளே ஒருத்தி, நாங்கள் செய்து அனுப்பியவள், அவளுக்குச் சொன்னது. நீ போகும்வரை தாயை மறக்கவில்லை.

வருகிற கிழமை அம்மாவை நெஞ்சு டொக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். டொக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்ல நீ இருந்த கதிரையில் இனி ரமணன் இருப்பான். நான் பக்கத்தில் இருப்பேன். டொக்டரின் இங்கிலீஷ் எனக்கு விளங்காது. ஆனால் டொக்டர் எவ்வளவு நேரம் பேசினார், ரமணன் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் சொன்னான் என்பது எனக்கு விளங்கும். குறைந்தால் விடமாட்டேன். மிச்சத்தையும் சொல்லடா என்று கேட்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன்னையும் உன் அம்மாவையும் விட்டால் வேறு எழுத்து அறியாத,
உன் ஐயா