வரிசையில் நிற்கும் உன் வீடியோக்கள்

டேய், இன்று காலை உலு திராமில் நம் பட்டறையில் ஷட்டரைத் தூக்கும்போதே என் போனில் உன் குரல் கேட்டது. "வணக்கம், வேலைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று அதே சிரிப்பு. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரமாகிறது. வாரா வாரம் படம்பிடிக்கச் சோம்பல்பட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சட்டையை மட்டும் மாற்றி மாற்றி எடுத்து, திங்கள்தோறும் தானாக வெளிவரும்படி நம் கம்பெனிப் பக்கத்தில் போட்டுவைப்பாயே, அதில் ஒன்று என்று பிறகுதான் புரிந்தது.

இதை நீ ஆரம்பித்தபோது நான் செய்த கிண்டல் கொஞ்சமா? "மில்லுக்கு ஹைட்ராலிக் குழாய் விக்கிறவனுக்கு எதுக்குடா வீடியோ? தீபாவளி சேலையா விக்கிற?" என்றேன். "மில்லா வாங்குது? மில்லுல இருக்கிற மனுசன்தான்லா வாங்குறான். அவனும் சாப்பிடுறப்போ போனத்தானே நோண்டுறான்" என்றாய். நீ எதையும் வாங்கச் சொல்லவில்லை. வெடித்த குழாயைக் கையில் பிடித்து, ஏன் வெடித்தது என்று காட்டுவாய். லைக்குகூடச் சரியாக விழாது. ஆனால் காஹாங் செம்பனை எண்ணெய் மில்லுக்கு நாம் முதன்முதலாகப் போனபோது, சூப்பர்வைசர் ஜேம்ஸ் சொந்தக்காரரைக் கண்டதுபோல் எழுந்து வந்து உன் கையைப் பிடித்தார். விலை பேசுமுன்பே ஆர்டர் வந்தது. உன் வீடியோக்களுக்குக் கேமரா பிடிக்கிற என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

இன்றைய வீடியோவில் நீ காட்டியது புதிதாக இறக்கிய கறுப்புக் குழாய். "கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்" என்கிறாய். போன வாரம் நம் சோதனை மேசையில் அது பாதி அழுத்தத்திலேயே பிளந்தது உனக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் பார்த்தபோது வீடியோவுக்குக் கீழே ஜேம்ஸ் எழுதியிருந்தார்: அதே பிராண்டுக் குழாய் குளுவாங்கில் ஒரு கடையில் கிடைத்துவிட்டதாம், இன்றே பழம் பிழியும் பிரஸ்ஸில் மாட்டுகிறார்களாம். குழாய் பிளந்து உள்ளே ஓடும் சூடான எண்ணெய் பீச்சியடித்தால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன? வீடியோவை அழிக்கலாமென்றால் கடவுச்சொல் உன்னோடு போய்விட்டது. உன் மனைவிக்கும் தெரியவில்லை. ஜேம்ஸை அழைத்தேன்.

"யாரு பேசுறது?"

"அவரோட பார்ட்னர்ங்க. அந்த ஹோஸ மாட்டாதீங்க."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே. அவரையே பேசச் சொல்லுங்க."

"அவரு இறந்துட்டாருங்க."

"என்னங்க விளையாடுறீங்களா? காலையிலதானே பேசுனாரு" என்று வைத்துவிட்டார்.

உன் முகத்துக்கு இருந்த மதிப்பை நினைத்து எத்தனையோ நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று அதுவே ஒரு ஆளைக் கொன்றுவிடும்போல் இருந்தது.

வேறு வழியில்லை. போனைச் சாய்த்துவைத்து என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். நீ இறந்ததைச் சொன்னேன். இத்தனை நாளும் கேமரா பிடித்தவன் நான் என்றேன். இன்றைய வீடியோவில் நீ சொன்னது தப்பு என்றேன். குழாயை மாட்டி அழுத்தம் ஏற்றினேன், பிளந்தது. அதை என் சொந்தக் கணக்கிலிருந்து உன் வீடியோவுக்குக் கீழேயே போட்டு, ஜேம்ஸுக்கும் அனுப்பினேன். பதில் வரும்வரை பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

மதியத்துக்குமுன் அவரே அழைத்தார். "பாதி மாட்டுனத கழட்டச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "எப்பங்க போனாரு?" என்று கேட்டார்.

பயம் போகவில்லை. இன்னும் எத்தனை வீடியோ வரிசையில் நிற்கிறதோ, எதையெல்லாம் நம்பச் சொல்லியிருக்கிறாயோ, எனக்கு ஞாபகமில்லை. இனி ஒவ்வொரு திங்களும் உனக்குக் கீழே நான் முகம் காட்ட வேண்டும். உன் சாவு வீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லையடா. இன்று ஊரறிய உன்னைத் தப்பென்று சொல்லிவிட்டு, நீ திருப்பித் திட்ட வருவாய் என்று கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.