எப்பவும் போல இருங்க அத்தான்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்புக்கு என்னமோ என்று பயந்துவிடாதே. இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் இனிக்க இனிக்கப் பேசி என் வாயை அடைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது கைவந்த கலை. அதனால்தான் இந்தக் காகிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் படத்துக்கு இன்னொரு பரிசு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்தோம். போட்டோவில் ரொம்ப இளைத்துப் போயிருக்கிறாய். அந்தக் கோட்டு யாருடையது? தோளிலிருந்து தொங்குகிறது. உன் அத்தான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். நம் அப்பா இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறதடா, பொய் சொல்லவில்லை. ஆனால் பெருமையோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடுத்த படத்திலும் அத்தான்தான் வேண்டும், நீதான் பேசிச் சம்மதிக்க வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தாய். என்னால் முடியாது. போன தடவையும் நான்தான் பேசினேன். ‘எனக்கு ஸ்கூல் வேன் ஓட்டத் தெரியும், பிள்ளைங்களைப் பத்திரமா வீட்ல விடத் தெரியும். நடிப்பெல்லாம் எனக்கு எதுக்கு?’ என்று எத்தனை தடவை சொன்னார்! நான் விட்டேனா? என் தம்பிக்கு நடிகரை வைத்துப் படமெடுக்க வசதியில்லை, சொந்த அத்தானே உதவாவிட்டால் வேறு யார் உதவுவார் என்று சாப்பாடு போடும்போதெல்லாம் அதே பல்லவியைப் பாடினேன். அவர் ஒத்துக்கொண்டது சினிமாவுக்காக இல்லை, என் தொல்லை தாங்காமல்தான்.

படப்பிடிப்பில் நீ அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ‘நடிக்காதீங்க அத்தான், எப்பவும் போல இருங்க.’ நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடடா, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அவரும் எப்பவும் போல இருந்தார். வேனில் வரும் பிள்ளைக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிவிடுவாரே, அதை அப்படியே எடுத்துக்கொண்டாய். படத்தில் அப்படிக் கட்டிவிடுகிறவன் பிள்ளைகளைக் கடத்திக் கொல்கிறவன். அவன் லேஸ் கட்டிவிட்ட பிள்ளை அப்புறம் வீடு திரும்புவதில்லை. ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல், வெறும் ஒரு முடிச்சை வைத்தே பார்க்கிறவர்களை நடுங்க வைத்துவிட்டான் இந்த இளைஞன் என்று உன்னைப் பற்றி எழுதுகிறார்கள். உண்மைதான். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த பெண் அந்த இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கல்லூரிப் பையன்கள் அவருடைய கட்டம் போட்ட சட்டை மாதிரியே வாங்கிப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். முடிவெட்டும் கடையில் ராஜ மரியாதை. ‘அண்ணே, அந்தச் சிரிப்பு ஒண்ணு சிரிங்கண்ணே’ என்று வழிமறிப்பார்கள். ‘எந்தச் சிரிப்புடா? எனக்கு இருக்கறதே ஒரு சிரிப்புதான்’ என்பார். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, வேன் பக்கத்தில் முட்டி போடச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அதைப் போனில் பரப்பி, கீழே உன் படத்து வசனத்தையும் போட்டுவிட்டார்கள். ‘அடுத்தது யாரு?’ விளையாட்டுக்குத்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வேன் ஜன்னலில் நிஜப் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன.

அந்தப் போட்டோ பெற்றோர் குரூப்புக்குப் போனது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் பாட்டு வகுப்பாம், நேரம் ஒத்துவரவில்லையாம். இன்னொரு வீட்டில் இனிமேல் அப்பாவே கூட்டிக்கொண்டு போகிறாராம். நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டிருந்த வேன், இப்போது பாதி சீட்டு காலியாக ஓடுகிறது.

அதில் ஒரு அம்மா இருமல் மருந்து வாங்க என் மருந்துக்கடைக்கு வந்தாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவர் வேனில் போனவை. மூடியில் எந்தக் கோடு வரைக்கும் ஊற்றவேண்டும் என்று காட்டிக்கொண்டே, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். ‘தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவர் நல்லவர்னு தெரியும். ஆனா அந்தப் படம் பார்த்ததிலேர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாலே அந்த முடிச்சுதான் ஞாபகத்துக்கு வருது. நான் என்ன செய்யட்டும்?’ என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மருந்தைத் திரும்பப் பிடுங்கியிருப்பேன். இத்தனை வருஷம் இந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறவள் நான், ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு என்னிடமே வந்து பேசுகிறாளே என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன்.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். மாலை டியூட்டி என்றால் தன் மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். நாலு வயதுக் குழந்தை. அந்த நர்ஸுக்குப் படம் பார்க்க நேரமில்லை, அதனால் இன்னும் விடுகிறாள். போன வாரம் குழந்தை அவரோடு விளையாடிக்கொண்டிருந்தது, நான் காய் வாங்கக் கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது உன் படத்தில் வீடு திரும்பாத பிள்ளையின் காலி நாற்காலியைக் காட்டுவாயே, அது கண்முன்னால் வந்து நின்றது. சத்தியமாக நானாக நினைக்கவில்லை. சீச்சீ என்று உதறிவிட்டு நடந்தேன். கடையில் தக்காளியைப் பொறுக்கித் தராசில் போட்டவள், அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். நடக்கவில்லை தம்பி, ஓடினேன். தெரிந்தவர்கள் என்னாச்சு என்னாச்சு என்று கேட்கக் கேட்க ஓடினேன்.

அவர் முட்டி போட்டுக் குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் புறா பார்க்கப் போகிறார்களாம். நான் குழந்தையை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். லேஸின் நுனி அவர் விரலிலிருந்து நழுவியது. நிமிர்ந்து பார்த்தார். ‘காய் வாங்கலையா?’ என்று கேட்டார். பர்ஸை மறந்துவிட்டேன் என்றேன். பர்ஸ் என் கையில்தான் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மருந்துக்கடையில் அந்த அம்மாவை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன்! அவளாவது வாய்விட்டுச் சொன்னாள். நான் பொய் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் எந்தப் பிள்ளையின் பக்கத்திலும் குனிவதில்லை. ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் விடாததை, நான் பார்த்த ஒரு பார்வைக்கு விட்டுவிட்டார். முந்தாநாள் ஒரு பையன் அவிழ்ந்து கிடந்த லேஸை மிதித்து வேன் படியிலிருந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். இவர் தூக்கவில்லையாம். வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாராம். அவன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, ‘பிள்ளை விழுந்து கிடக்குது, கையைக் கட்டிக்கிட்டு நின்னீங்களாமே, நீங்கல்லாம் மனுஷனா?’ என்று கத்திவிட்டுப் போனாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டார். என் தப்புக்கு அவர் திட்டு வாங்குவதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவள் போனதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். ‘அழாதே. உன் தம்பி அவ்வளவு நல்லா எடுத்திருக்கான், நீ என்ன செய்வே?’ என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். உன்மேல் ஒரு கோபச் சொல் கிடையாது, என்மேலும் கிடையாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டும். போன தடவை நீங்கள் வந்தபோது ஸ்டேஷனுக்கு அத்தான் வேனில்தான் போனோம். பாப்பா வழக்கம்போல முன் சீட்டுக்கு ஓடினாள். நீ அவளைப் பிடித்து, ‘வேணாம்டா, அப்பா பக்கத்துல உக்காரு’ என்று பின்னால் இழுத்துக்கொண்டாய். மகள்மேல் பாசம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நீயே எழுதி நீயே எடுத்த படம், அது உன்னையும் பிடித்துக்கொண்டதா? மறைக்காமல் சொல். உன்னைக் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. நான் ஒருத்தி மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

பேட்டியில் அவர் நல்லவர் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் போட்டோ எடுக்க வருவார்கள். லீவுக்குக் கிளம்பி வா. பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு நீயும் நானும் கடைக்குப் போவோம். தெரு பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அவர் பார்க்கவேண்டும். திரும்பிப் பார்க்காமல் போவோம். பேரம் பேசி, நின்று நிதானமாகப் பொறுக்கி, பை நிறைய வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்புவோம். தனியாக என்னால் அப்படி நடக்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை தம்பி. நீ கூட வந்தால் முடியும் என்று நினைக்கிறேன்.

உன்னாலும் முடியாது என்றால் அதையாவது எழுதிவிடு. ஆனால் அதற்கப்புறம் அவரை நடிக்க மட்டும் கூப்பிடாதே.

உனக்கு இன்னும் நிறைய பரிசு வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, உன் அளவுக்கு ஒரு கோட்டு தைத்துக்கொள். நீ நன்றாக இருக்கவேண்டும். தனியாக வராதே, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா