அத்தான் பிடித்த இரண்டு மீன்

1996 மே 17, வெள்ளி

காலையில் மழை. மத்தியானத்தோடு விட்டது. நாளை வெயிலாம்.

கொண்டுபோக: தூண்டில் 3, புழு 2 பெட்டி, லைசென்ஸ் (மூன்று பேருக்கும் எடுத்தாயிற்று), பாண், சம்பல், தேயிலை, கேத்தில், மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய், தாச்சி. பிடித்த இடத்திலேயே பொரிக்க வேண்டுமாம். அத்தானின் கட்டளை.

மனிதருக்கு ஏழு வருடத்தில் முதல் லீவு. பகலில் பிளாஸ்டிக் ஃபக்ரறி, பின்னேரம் ஒஃபிஸ் துப்புரவு. ஊரிலிருந்து என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு இந்த வெக்ஸ்போர்ட் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர். ஒரு மாதமாக மீன், மீன் என்று அதே பேச்சு.

ஜெயம் அண்ணை தன் வான் வண்டியும் படகும் தருகிறார். (என்னோடு பிறம்ரன் வெயார்ஹவுஸில் வேலை. இனி ஜெ.) அவருக்கு வழக்கமான பெரிய ஏரிக்குப் போக ஆசை. நான் விடவில்லை. போன வருடம் அங்கே கரை முழுக்கச் சனம், தூண்டிலோடு தூண்டில் சிக்குப்பட்டது. ரோட்டு வரைபடத்தில் வடக்கே தேடி, மண் ரோட்டு முடிகிற இடத்தில் நகத்தளவு ஏரி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஆள் போகாத இடத்தில்தானே மீன் இருக்கும். ஜெ. முணுமுணுத்தார். அத்தான், "தம்பி சொன்னாச் சரி."

அக்கா: "உந்த மனுசனுக்கு நீந்தத் தெரியாது. கவனம்."
அத்தான்: "நான் மீனைப் பிடிக்கப் போறன். மீனோட ஓட்டப்பந்தயம் ஓடப் போகேல்லை."

மே 19, ஞாயிறு

மோட்டல். நல்ல வெயில்.

அத்தான் இல்லை.

பொலிஸ்காரர் கேட்டபோது ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஏரி. வழியில் பெற்றோல் அடித்த இடத்தில் ஒரு கிழவன், அங்கே ஒருவரும் போவதில்லையே என்றான். நான் ஜெ.யைப் பார்த்துச் சிரித்தேன், வென்றுவிட்ட மாதிரி. ஏரியைக் கண்டதும் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். அப்படி ஒரு தெளிவு. அடியில் கல், விழுந்து கிடக்கிற மரம், பஞ்சு மாதிரிப் பாசி, எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். "தீர்த்தமடா தம்பி!" என்றார் அத்தான். தவளைச் சத்தம் இல்லை. பறவை இல்லை. அமைதியான இடம் என்று சந்தோசப்பட்டோம்.

இரண்டு மணித்தியாலம். ஒன்றும் படவில்லை. ஜெ. கரையில் தேத்தண்ணீர் வைக்கப் போனார். படகில் நானும் அத்தானும். அவருடைய தூண்டில் அடியில் கிடந்த மரத்தில் கொளுவிவிட்டது. இழுத்தார், வரவில்லை. "நெஞ்சளவுதான். இறங்கிக் கழட்டிறன்." கிளை தெரிந்தது, அதில் மாட்டிய முள்ளும் தெரிந்தது. எனக்கும் நெஞ்சளவு என்றுதான் பட்டது. எங்கள் ஊர்க் கடலில் அடி தெரிந்தால் நடந்து போகலாம். லைஃப் ஜக்கற் இரண்டும் காலுக்குக் கீழே. "தண்ணி குளிருமே அத்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இறங்கினார். இறங்கிக்கொண்டே போனார்.

ஒரு தரம்கூட மேலே வரவில்லை. துடுப்பை நீட்டினேன், எட்டவில்லை. எனக்கும் நீந்தத் தெரியாது. கிணற்றில் அள்ளிக் குளித்தவர்கள் நாங்கள். கத்தினேன். கலங்கல் தண்ணீர் என்றால் கண்ணிலிருந்தாவது மறைந்திருப்பார். மறையவில்லை. ஜெ. பெற்றோல் கடைக்கு வானை ஓட்டிப் போய் ஆட்களோடு வரும் மட்டும் நான் அத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் சுழியோடிகள் தண்ணீருக்குள் இறங்கி எடுத்தார்கள். தேடுகிற வேலையே இல்லை. ஆழம் இருபத்தைந்து அடியாம்.

பொலிஸோடு மீன்பிடி இலாகா ஆள் ஒருவர், செந்தாடி. என்ன செய்ய வந்தீர்கள் என்று கேட்டார். மீன் பிடிக்க என்றேன். பிறகு சொன்னார். இந்த ஏரியில் மீன் இல்லை. கன வருடமாக இல்லை. உருக்காலைப் புகை மழையோடு விழுந்து தண்ணீர் அமிலமாய்ப் புளித்துப் போயிற்று. புளித்தால் முதலில் முட்டை பொரிக்காது. குஞ்சு இல்லாமல் கிழட்டு மீன் மட்டும் மிஞ்சும். தூண்டில்காரர்கள் பெரிது பெரிதாகப் படுகிறதே, நல்ல ஏரி என்று கொண்டாடுவார்களாம். அதுகளும் செத்த பிறகு வெறும் தண்ணீர். இடைக்கிடை வலை போட்டுப் பார்க்கிறார்கள், வலை போட்டபடியே வருகிறது. உயிர் ஒன்றும் இல்லாதபடியால்தான் அந்தத் தெளிவு என்றார்.

ஜெ. என்னைப் பார்க்கவில்லை. இடம் யார் பார்த்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 21, செவ்வாய்

வீடு. வானம் மப்பு. உடம்பு இன்னும் வரவில்லை, நாளைக்குத்தானாம்.

ஆட்கள், ஆட்கள். சோபாவை வெளியே எடுத்தாயிற்று. அஜின்கோர்ட்டிலிருந்து அத்தானின் சித்தப்பா மகன் ரவி வந்து எல்லாம் பொறுப்பெடுத்திருக்கிறான். கெட்டிக்காரன்.

அக்கா அழவில்லை. மூன்று நாளாக ஒரு சொட்டு இல்லை. சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். இன்று என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார்.

"மீன் பட்டதோ?"
"ஓம்."
"எத்தினை?"
"ரெண்டு. ஒண்டு பெரிசு."
"சந்தோசப்பட்டவரோ?"
"குதிச்சவர் அக்கா. படகு ஆடிப்போச்சு."

அப்போதுதான் அழுதார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம். அழட்டும் என்றிருந்தது. பொய் நல்லதற்குத்தான் என்றிருந்தது.

மே 23, வியாழன்

எரித்தாயிற்று. எரிக்கிற மெஷின் பட்டனை ரவி அமத்தினான். காற்று. குடை ஒன்று உடைந்தது.

அக்கா ஜெ.யோடு பேசுவதில்லை. அவர் வந்தால் எழும்பி உள்ளே போகிறார். இன்று எல்லாருக்கும் கேட்க, "படகைக் குடுத்து இடத்தையும் காட்டினவர் வந்திருக்கிறார்" என்றார். ஜெ. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கதவடியில் நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

மே 24, வெள்ளி

நாளை எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்த மச்சம் எல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். இறைச்சி, இறால், முட்டை, நண்டு. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லி நான் கடதாசித் துண்டில் எழுதினேன். கடைசியில்:

"அந்த ரெண்டு மீனும் எங்கை?"

ஜெ. வீட்டு ஃபிறீசரில் என்றேன்.

"அதைக் குடுக்கச் சொல்லு. அதையும் வைச்சுத் தின்னப்போறாரோ?"

அஜின்கோர்ட் மீன்கடை. ட்ரவுட் இரண்டு, ஒன்று பெரிது. கடைக்காரர், "வெட்டித் தரட்டோ அண்ணை?" வேண்டாம் என்றேன். "குடலோடயோ?" ஓம். ஒரு மாதிரிப் பார்த்தார்.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து இரண்டின் வாயிலும் தூண்டில் முள்ளைக் குத்தி இழுத்தேன். பெரியதில் சொண்டு கிழிந்தது. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன மனிதன் நான்.

மே 25, சனி

வெயில். வீட்டுக்குள் நிற்க இடமில்லை.

மீனை அக்காவே வெட்டினார். ஒருவரையும் தொட விடவில்லை. கிழிந்த சொண்டைத் தடவிப் பார்த்தார். தலையை அத்தானின் படத்துக்கு முன் இலையில் வைத்தார். தலை என்றால் அவருக்கு உயிர். படைத்த பிறகு எல்லாருக்கும் ஒரு துண்டு, "அவர் பிடிச்சது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். எனக்கும் தந்தார். தின்றேன். ருசியாக இருந்தது, அதுவும் ஒரு கொடுமை.

கொழும்பில் லொட்ஜில் இருக்கிற மாமிக்கு, அத்தானின் அம்மாவுக்கு, அக்கா ரெலிபோன் எடுத்தார். "ரெண்டு மீன் மாமி. நல்ல சந்தோசமாத்தான் போனவர்." அங்கே மாமி அழுவது எனக்கும் கேட்டது.

ஜெ. வரவில்லை.

மே 28, செவ்வாய்

வேலை. எட்டு லொறி. முதுகு முறிந்தது.

சாப்பாட்டு நேரம் ஜெ. என் முன்னால் வந்து இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"ரவி நேற்றுப் படகு கேட்டவன். சனிக்கிழமை அஞ்சு பேர் போகினமாம்."
"எங்கை?"
"எங்கையோ? அங்கைதான். பூப் போடவாம். மீனும் நல்லா இருக்குதாம், சனமும் இல்லையாம். உன்ரை அக்கா சொன்னவ."

கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோதும் இருந்தார்.

"நான் படகு குடுக்கேல்லை. அவங்கள் வாடகைக்கு எடுப்பாங்கள். என்னை ஏசினது பரவாயில்லை, நான் தாங்குவன். உவங்களில ஆருக்கடா நீந்தத் தெரியும்? நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

நான் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை. ஆழம், கவனம் என்று ரவிக்கு மட்டும் சொன்னால் போதாதா? போதும் போல இருந்தது. பிறகு யோசித்தேன். அந்தத் தண்ணீரைக் கண்டால் ஆழம் என்று யார் நம்புவார்கள்? நாங்கள் நம்பினோமா?

மே 29, புதன்

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று போன் பண்ணினேன்.

பின்னேரம் ஆட்கள் எல்லாம் போன பிறகு சொன்னேன். அக்கா அரிசி கழுவிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்த ஏரியிலை மீன் இல்லை."
"என்ன?"
"மீனே இல்லை. செத்துக் கன வருசம். அத்தான் ஒண்டும் பிடிக்கேல்லை."

தண்ணீரை நிறுத்தினார்.

"அப்ப நான் படைச்ச தலை?"
"அஜின்கோர்ட் கடை."
"சொண்டு கிழிஞ்சிருந்ததே."
"நான்தான்."

பிறகு கேட்டார்:

"இடத்தை ஆர் காட்டினது?"

"நான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. கையைச் சீலையில் துடைத்தார். நம்பர் கொப்பியை எடுத்துவந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ரவிக்கு அடிக்கிறன். நீ சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். ரவி தூஷணத்தால் பேசினான். வைத்ததும் அடுத்த நம்பர். ஐந்து பேருக்கும் அக்காவே அடித்தார், நான் சொன்னேன். மீன் இல்லை. அத்தான் பிடிக்கவில்லை. கடையில் வாங்கினது. இடம் பார்த்தது நான். ஒருவர் நம்பாமல் மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஜெ.க்கு மட்டும் அக்கா தானே பேசினார். "அண்ணை, நான் பாவி" என்றார், மற்றது கேட்கவில்லை.

முடிந்தது என்று எழும்பினேன். "இரு" என்றார். நீளமான நம்பர் ஒன்றை அடிக்கத் தொடங்கினார்.

"அக்கா, வேண்டாம். அவவுக்கு எதுக்கு?"

"நான் ஒரு பொய்யைச் சொல்லி வைச்சிருக்கிறன். என்ரை வாயாலை. நீதான் திருப்பி எடுக்கோணும்."

கொழும்பில் விடிந்திருக்கும். லொட்ஜ்காரன் மாமியைக் கூட்டிவரக் கன நேரம் பிடித்தது. ரிசீவர் என் கையில் இருந்தது.

"ஆர், தம்பியோ? சாப்பிட்டியே மோனை?"

ஓம் மாமி என்றேன். பிறகு சொன்னேன்.