எலும்பில் பதிந்த பல்

ஏம்பலம்,
1987

கோகிலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கை இன்னும் வீங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

போன வருஷம் நீங்கள் உலக்கையால் அடித்ததில் என் முன்பல் இரண்டும் போயின. அண்ணன்தான் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார். பிரான்சில் படித்துவிட்டு வந்த பல் டாக்டர் ஈறைக் கிழித்து, தாடை எலும்பில் திருகாணி பதித்தார். எலும்பு அதை இறுகப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் முன்பல் இல்லாமல் இருந்தேன். பிறகுதான் அதன் மேல் பல் வைத்தார். "எப்படிம்மா உடைஞ்சுது?" என்று கேட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை, அண்ணன் வயலுக்குப் போனதும் நீங்கள் வந்தீர்கள். "பொண்ண இட்டுனு போறேன், இன்னாடி பண்ணுவ?" என்று கோகிலாவின் சடையைப் பிடித்து வாசல்வரை இழுத்தீர்கள். குறுக்கே வந்த என் கழுத்தை நெரித்தீர்கள். நான் கத்தியதும் வாயைப் பொத்த வந்தீர்கள். அந்தக் கையைத்தான் கடித்தேன். என் தலையைச் சுவரில் மோதியும் நான் விடவில்லை. பல் அசையவே இல்லை. "வுடுடி, வுடுடி" என்று நீங்கள்தான் அழுதீர்கள்.

நடந்ததை மறந்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். வரமாட்டேன். நீங்களும் இங்கே வராதீர்கள்.

அன்றைக்கு நீங்கள் ஓடியதும் உங்கள் ரத்தத்தைத் துப்பி வாய் கொப்பளித்தேன். பிறகு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று கோகிலாவுக்குத் தலை பின்னிவிட்டேன்.

இப்படிக்கு,
கோகிலாவின் அம்மா