இடம் மாறிய குடல்வால்

அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. எனக்கு ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். பதறாதே, தேறிவிட்டேன், ஆனால் படுத்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது, இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை ஜன்னல் வரை போய் வந்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் அப்பா. அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

வலது தொடை இடுக்கில் இரண்டு வருஷமாக ஒரு சின்னக் கட்டி. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈர விரிப்புகளைத் தூக்குகிறோமே, நெறி கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தை யாரிடம் காட்டுவது, அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் திங்கட்கிழமை அது கல்லாக இறுகிச் சிவந்துவிட்டது, காய்ச்சல் வேறு. அப்படியும் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். புதன்கிழமை எங்கள் மேற்பார்வைக்காரி என்னைத் தனியே கூட்டிப் போய்க் காட்டச் சொன்னாள், பார்த்ததும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். குடலிறக்கம், குடல் சிக்கியிருக்கும், உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். சம்மதத் தாளில் அப்பா போட்ட கையெழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லையாம்.

மறுநாள் டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார்: "வயித்துல இருக்க வேண்டிய குடல்வால் தொடை வரைக்கும் இறங்கி, அந்தக் கட்டிக்குள்ள மாட்டிச் சீழ் வச்சிருந்துச்சும்மா. இத்தனை வருஷத்துல நான் இப்பத்தான் பாக்கறேன்." வயிற்று வலியே இல்லாமல் இப்படியும் வருமாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று கேட்டேன், போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "உங்கம்மா என்னைக்கு ஒரு இடத்துல இருந்தா, அவ குடல்வால் இருக்க" என்று உன் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டுதான் சளி என்று பொய் சொன்னேன், மன்னித்துவிடு. அன்றைக்கு நீயும் பேச்சின் நடுவே சட்டென்று மூச்சைப் பிடித்தாய். என்னடி என்றதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அந்தச் சொல்லை நீ யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இருப்புக் கொள்ளவில்லை. எங்கே வலி, எத்தனை நாளாக, கூச்சப்படாமல் எழுது, அதற்கு முன் டாக்டரிடம் போ.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நீடு வாழ வேண்டும். உன் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,

உன் அம்மா