கடைக்காரர் சங்கத்தின் புதுத் தலைவர்

வெள்ளவத்தை

அன்புள்ள பாலேஸ்வரி,

உமது முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். பதறாமல் வாசியும்: கடையில் கணக்கெழுத வந்த என்னையே கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள்! உலகம் முழுக்க வியாபாரம் படுத்திருக்கும் நேரத்தில் வேறு எவரும் முன்வரவில்லை.

வேலையாட்களை நிறுத்தவேண்டும் என்று பாதிப்பேர், கூடாது என்று மீதிப்பேர் சத்தம் போட்டார்கள். ஒருவரையும் நிறுத்தாமல் கடைநேரத்தைக் குறைப்போம் என்றேன். குரல் நடுங்கியது. துணிக்கடை ஸவாஹிர், "மாஸ்டர், நாட்டை ஆள்றவங்களே நடுங்குற நேரம், நீங்க பேசுங்க!" என்றார். எல்லாரும் சிரித்தபடியே கையுயர்த்திச் சம்மதித்துவிட்டார்கள்!

திங்கட்கிழமை வரிக்குறைப்புக் கேட்டு அமைச்சரிடம் போகிறோம். நான்தான் பேசவேண்டும். சரிவருமோ தெரியாது. என் வெள்ளைச் சட்டையை பஸ்ஸில் அனுப்பிவிடும். அன்று காலை போன் எடுத்து, நான் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் புறப்படும்போது சொல்வீரே, "நிமிர்ந்து நடவுங்கோ" என்று, அதை ஒருதரம் சொல்லும். இங்கே சொல்ல ஆளில்லை.

கடை திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உமது
அருளம்பலம்