சித்தப்பா அடைத்த காது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, அதனால் அவர் பட்டறைப் பக்கம் வருவதில்லை. நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன், அதில் ஒரு கிலோ சந்தோஷம் என்று வைத்துக்கொள். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது.

சந்தோஷத்துக்குக் காரணம் உன் சித்தப்பா. நம்மைவிட்டுப் பிரிந்து அடுத்த தெருவில் தனியாகக் கார் பட்டறை போட்டதும் அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்ன வார்த்தை, "அண்ணிக்கு கம்ப்யூட்டர் தெரியும், இன்ஜின் தெரியாது." இரண்டு வருஷமாக அந்தக் கோபத்தை மனசுக்குள் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் போனார்கள், கடைசியில் அவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி இருக்கிற பல் டாக்டரும் போனார். இந்த வருஷம் பட்டறை தாங்குமா என்றே பயந்துபோனேன். அந்த டாக்டர் போன செவ்வாய்க்கிழமை தானாகவே நம் வாசலில் வந்து நின்றார். டர்போ வண்டி, நின்றால் பெட்ரோல் நாற்றம், அழுத்தினால் நடுவில் ஒரு திக்கல், இன்னும் அழுத்தினால் கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற சத்தம். சித்தப்பாவைக் கேட்டால் வேகமான வண்டி என்றால் அப்படித்தான் என்றாராம். நான் முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டேன், வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா.

வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பவரை அளக்கிற நம் உருளைமேல் ஏற்றி மேப்பைத் திறந்தேன், அதுதான், எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் பொறி என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் எழுதி வைக்கிற அட்டவணை. பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைப் பெரியதாக மாட்டிய மனுஷன் அதைக் கம்ப்யூட்டரிடம் சொல்லவே இல்லை. தான் ஓட்டிப் பார்த்த கட்டங்களில் மட்டும் பெட்ரோலைக் கையால் குறைத்திருக்கிறார், மற்றதெல்லாம் வெள்ளம். பவர் எழுதிக் கொடுக்கிற தாளில் பெரிய நம்பர் வரவேண்டும் என்று பொறி விழும் கணத்தை வேறு முன்னால் இழுத்திருக்கிறார். இன்ஜின் உள்ளே தட்டினால் கேட்டுச் சொல்ல நாக் சென்சார் என்று ஒன்று உண்டு, அது சொன்னால் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடுமாம், அதனால் அதையே அணைத்துவிட்டார். வீட்டில் தன் காதை அடைத்துக்கொள்கிறவர் வண்டிக் காதை மட்டும் விடுவாரா. இன்னும் நாலு ஞாயிறு ஓடியிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் நானே ஒரு சைபரை அதிகமாக அடித்து, வண்டி கிளம்பாமல், ஒரு மணி நேரம் பேட்டரியைத் திட்டினேன், அது நம்மோடு இருக்கட்டும். பிறகு பெட்ரோல் கணக்கைச் சரிசெய்து, ஹெட்போனில் இன்ஜினைக் கேட்டுக்கேட்டுப் பொறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி, சென்சாரை எழுப்பிவிட்டேன். சித்தப்பா தாளில் எழுதிக் கொடுத்தது நானூறு குதிரைசக்தி, என் உருளையில் அவர் மேப் இழுத்தது முந்நூற்று நாற்பது, என் மேப் முந்நூற்று எண்பது, சத்தமில்லாமல்.

அத்தோடு விட்டிருந்தால் நான் நல்லவள். சனிக்கிழமை டாக்டரை விட்டே சித்தப்பாவை வரவழைத்தேன், கூடவே நாலு ரேஸ்காரர்களையும். அவர் மேப்பையே திரும்ப ஏற்றி நேரில் கேட்க வைக்கலாம் என்று விரல் கீபோர்டுவரை போய்விட்டது, ஆனால் பிஸ்டன் டாக்டருடையது, அதனால் விரலை எடுத்தேன், என் யோக்கியதைமேல் எனக்கே எரிச்சல். நல்லவேளை, முதல் நாள் சத்தத்தைப் பதிவுசெய்திருந்தேன். என்ன ஏது என்று சொல்லாமல் அவர் தலையில் ஹெட்போனை மாட்டினேன். சத்தத்தை இரண்டு முறை கூட்டினேன், பொய் சொல்லமாட்டேன். அவர் முகம் சுளித்து, "எவன் பண்ணது இது? இன்ஜினைக் கொன்னுடுவான்" என்றார். "நீங்கதான் தம்பி" என்றேன். டாக்டர் அந்த நானூறு குதிரைத் தாளை மெல்ல மடித்துச் சித்தப்பாவின் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்கே அந்த நாலு பேர் வண்டியும் நம் பட்டறைக்குள் வந்துவிட்டன.

கிளம்பும்போது சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன், இன்றுவரை உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் கேட்கவில்லை, நானும் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இரு என் தங்கமே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பேசும்போது சித்தப்பாவுக்கு இப்போது காது நன்றாகக் கேட்கிறதா என்று மறக்காமல் விசாரி, மிச்சத்தை அப்பா கேட்கக் கேட்க நீயே சொல்.

கொடுத்த வாக்கை மீறாத
உன் அம்மா